இலவச ஆப்களில் நிஜமாகவே உதவுவது எது? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

விருதம்பட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொங்கலுக்கு வந்த மகன் பெங்களூருக்குத் திரும்பும்போது என் பட்டன் போனை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, ஒரு டச் போனைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தான். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். விருதம்பட்டு என்று சொன்னால் 'விருந்தும் பாட்டும்' என்று போடுகிறது. திருத்தி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது.

விஷயம் இதுதான். பேரன் ஒரு பக்கம், மச்சான் மகன் ஒரு பக்கம், எதிர்வீட்டுப் பையன் ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு 'இது இருக்கட்டும் தாத்தா, ஃப்ரீதான்' என்று ஏற்றிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், 43 இருக்கிறது. இப்போது போட்டோ எடுத்தால் இடமில்லை என்கிறது.

எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். பி.எஃப். பென்ஷனுக்கு வருடா வருடம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். அதுதான் பெரிய தலைவலி. சுண்ணாம்புத் தொட்டியிலும் தோலிலும் ஊறிய கை, ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. போன தடவை கைரேகை வைக்கப் போய், பத்து விரலையும் மாற்றி மாற்றி அமுக்கி, தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, கடைசியில் 'நாளைக்கு வாங்க பெரியவரே' என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று நடை நடந்தேன்.

அப்புறம் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் பேப்பர்கள். சீட்டுக்கு அடியில் வைத்து வைத்து மழையில் நைந்துவிட்டன. கரண்ட் பில், மகன் வீட்டுக்குப் போகக் காட்பாடியில் ரயில், இவ்வளவுதான். பணம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?

---

காட்பாடி ஜெராக்ஸ்:

ஐயா வணக்கம். காட்பாடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு, ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் வேலைகளுக்குத்தான் ஆட்கள் என்னிடம் வந்து முப்பதும் ஐம்பதும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதற்குப் பதில் சொல்வது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்வது மாதிரி. பரவாயில்லை, கூட்டம் குறைந்தால் எனக்கும் மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்கும்.

முதலில் உங்கள் விரல் பிரச்சினை. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கமிருந்து வரும் தோல் வேலைக்காரர்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். கட்டட வேலை செய்தவர்களுக்கும், பீடி சுற்றிய அம்மாக்களுக்கும் இப்படித்தான். உயிரோடு இருப்பதை ஆன்லைனில் காட்டும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014இல் வந்தபோது கைரேகை அல்லது கருவிழிக் கருவி இருந்தால்தான் ஆகும். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு இரண்டு ஆப் வேண்டும். ஒன்று 'ஜீவன் பிரமாண்' ஆப், இன்னொன்று 'ஆதார் ஃபேஸ் ஆர்டி'. இந்த இரண்டாவதை ஏற்றிவிட்டு, எங்கே காணோம், எப்படித் திறப்பது என்று தேடாதீர்கள். திறந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை. முகம் பார்க்கும் வேலையைப் பின்னால் இருந்து அது செய்யும்.

உட்காரும் முன் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் ஆணையில் இருக்கும் எண்), பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வந்த நேரத்தில் பீரோவைத் திறந்து பாஸ்புக்கைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் முடிந்துவிடும். ஆப் முதலில் 'ஆபரேட்டர்' யார் என்று கேட்கும். நிறையப் பேர் இங்கேதான் பயந்து மூடிவிடுகிறார்கள். அதற்கு வேறு ஆள் தேவையில்லை, உங்கள் பெயரையே நீங்கள் கொடுக்கலாம். ஒரு தடவை முகம் பார்க்கும். அது முடிந்தபின் பென்ஷன்தாரர் விவரம் கேட்டு மறுபடியும் முகம் பார்க்கும். ஆள் ஒருவர்தான், வேஷம் இரண்டு.

போன நவம்பரில் ஒரு அம்மா வந்தார்கள், கணவர் போனபின் வரும் குடும்பப் பென்ஷன். கடைக்குள் ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார வைத்து ஐந்து தடவை பார்த்தோம், ஆகவில்லை. முகத்துக்குப் பின்னால் வாசல் வெளிச்சம். சரி என்று நாற்காலியை வாசலில் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். 'கண்ணைச் சிமிட்டுங்கம்மா' என்றேன். அவர்கள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை, சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மூடித் திறக்க வேண்டும் என்று நானே செய்து காட்டிய பிறகு பச்சை வட்டம் வந்தது. சொல்ல வந்தது என்னவென்றால், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல.

இன்னொன்று. நடுவில் 'மறுமணம் செய்துகொண்டவரா' என்று ஒரு கேள்வி வரும். கோபப்படாமல் 'இல்லை' என்று தட்டுங்கள். அந்த அம்மா என்னை முறைத்த முறை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

முடிந்ததும் எஸ்எம்எஸ்ஸில் பிரமாண் ஐடி என்று ஓர் எண் வரும், எழுதி வையுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும். அதனால் நவம்பர் கூட்டத்தில் வந்து நிற்காதீர்கள். அரசு சேவைகளுக்கான உமங் ஆப்பிலும் இதே வசதி இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும், எனக்குக் கை பழகியது நேரடி ஆப்.

வண்டி பேப்பருக்கு டிஜிலாக்கர், சான்றுகளைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் அரசு ஆப். உரிமம், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி இரண்டையும் அதில் காட்டினால் அசலுக்குச் சமம் என்று 2018லேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நன்றாகக் கவனியுங்கள். நைந்த ஆர்சியைப் போட்டோ எடுத்து நீங்களே அதில் ஏற்றி வைத்தால் அது வெறும் போட்டோதான், சோதனையில் செல்லாது. வண்டி எண்ணைப் போட்டு, துறையிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் செல்லும். கிரீன் சர்க்கிள் பக்கம் போலீஸ் நிறுத்திக் கேட்டால் அதைத் திறந்து காட்டுங்கள். முதல் தடவை வீட்டிலேயே திறந்து பழகிவிடுங்கள், ரோட்டில் நின்று பின் நம்பரை யோசிக்க வேண்டாம்.

இதற்கு ஆதாரில் இருக்கும் மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். மகன் புது சிம் போட்டுக் கொடுத்தாரா, பழைய எண்ணா? பழைய சிம் பீரோவில் தூங்கினால் ஓடிபியும் பீரோவுக்குத்தான் போகும்.

கரண்ட் பில்லுக்குத் தனி ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுவதற்கு ஓர் ஆப்பா? பீம் ஆப்பிலேயே பில் கட்டும் இடம் இருக்கிறது, மின் இணைப்பு எண்ணை ஒரு தடவை போட்டு வைத்தால் போதும். பீம் 2016 டிசம்பரில் வந்தது, யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் சொந்த ஆப். தெருவில் நாலு பேர் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், அதுவும் தப்பில்லை. ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று. ஆனால் பென்ஷன் வரும் கணக்கை அதில் இணைக்காதீர்கள். வேறொரு கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் போட்டு அதை மட்டும் இணையுங்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அந்தப் பயம் இருக்கட்டும், நல்லதுதான். என் வாடிக்கையாளர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர். 'உங்கள் வண்டிக்கு அபராதம் உள்ளது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று எழுத்து, அப்படியென்றால் அது ஓர் ஆப். தட்டினார், ஏதோ அனுமதி கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று கொடுத்துவிட்டார். அது அவருடைய எஸ்எம்எஸ்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. ஓடிபி இவர் போனுக்கு வருகிறது, அதைப் படிப்பவன் வேறு எவனோ. 18,000 ரூபாய் போனபிறகு போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். உடனே 1930க்குப் போன் போட்டோம். அரசாங்கத்தின் சைபர் குற்ற எண் அது, நெட்டுரு போட்டு வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். அவருக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை.

ஆகவே ஆப் என்றால் பிளே ஸ்டோரில் மட்டும். அங்கேயும் தேடும்போது முதலில் வருவது விளம்பரமாக இருக்கும், பெயருக்குக் கீழே யார் போட்டது என்று பாருங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எப்போதும் கேட்காது. 'பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்கங்க' என்று எவனாவது சொன்னால் அந்த ஃபோனை வைத்துவிடுங்கள்.

சஞ்சார் சாத்தி என்று தொலைத்தொடர்புத் துறையின் ஆப் ஒன்று. போன் தொலைந்தால் முடக்குவதற்கு. ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். ஒருவர் பெயரில் ஒன்பது வரை வாங்கலாம் என்பதால், நமக்குத் தெரியாமல் நம் ஆதாரில் எவனாவது வாங்கியிருந்தால் வெளியே தெரியாது. என் சொந்த அண்ணன் பெயரில் இரண்டு இருந்தது, அவருக்கே தெரியாது. 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே தட்டிப் புகார் கொடுத்தோம்.

இனி அந்த 43. டார்ச் ஆப், பேட்டரி சேவர், போன் கிளீனர் என்று எது இருந்தாலும் கேள்வியே கேட்காமல் தூக்குங்கள். டார்ச் போனிலேயே இருக்கிறது. கிளீனர் என்று வருபவைதான் முதல் குப்பை. உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆப் கூட இல்லை, வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய்த் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' தட்டினால் எந்தக் குழு எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். போன வாரம் ஒரு வாத்தியார் போனில் ஒரே குழு 6 ஜிபி. அவர் அழிக்க மனமில்லாமல் ஒவ்வொரு முருகனாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது.

---

ஜன்னலோர சீட்டு:

அங்கிள், ரயிலுக்கு நான் சொல்கிறேன். வாரா வாரம் காட்பாடி சென்னை போய் வருபவள்.

டிக்கெட்டுக்கு ரயில்ஒன், ரயில்வேயே 2025 ஜூலையில் கொண்டுவந்தது. முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லாத டிக்கெட், பிளாட்பார டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில். சாதாரண டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பரிசோதகரைப் பார்த்தபின் எடுப்பதைத் தடுக்க, நாம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஜிபிஎஸ் பார்த்து மறுத்துவிடும். உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைத் தேடி ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தச் சாதாரண டிக்கெட்டை ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை. பெங்களூர்ப் பயணத்துக்கு முழு சார்ஜோடு கிளம்புங்கள்.

இன்னொன்று 'வேர் இஸ் மை டிரெயின்'. பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது, 2018இல் கூகுள் வாங்கிக்கொண்டது. தமிழில் வைத்துக்கொள்ளலாம். இதன் அருமை, ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது நெட் இல்லாவிட்டாலும் செல்போன் டவரை வைத்து எந்த ஊர் தாண்டுகிறோம் என்று சொல்லும். இறங்கும் ஊருக்கு அலாரமும் வைக்கலாம். அதைத் தெரிந்துகொண்டது எப்படி என்றால், ஒரு நாள் சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸில் அசந்து தூங்கி, கண் விழித்தபோது வெளியே பிரியாணிக் கடை போர்டாகத் தெரிந்தது. காட்பாடியைத் தாண்டி ஆம்பூர். அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வர ராத்திரி பத்தரை. அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது.

---

காந்தி ரோடு அக்கா:

பெரியவருக்கு நேரடியாகத் தேவைப்படாது. ஆனாலும் வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறோம். கொல்கத்தா, அசாம், பங்களாதேஷ் ஆட்கள்தான் அதிகம். எனக்குத் தெரிந்த வங்காளம் 'ஜோல்', 'பாத்' இரண்டுதான், தண்ணீரும் சோறும். மற்றதெல்லாம் கூகுள் டிரான்ஸ்லேட் பார்த்துக்கொள்கிறது. நடுவில் போனை வைத்துவிட்டு ஆளுக்கொரு மைக் பொத்தான், நான் தமிழில் பேச, அது வங்காளத்தில் சொல்லும்.

ஆனால் ஒற்றை வார்த்தையில் பேசினால் கவிழ்த்துவிடும். 'அறையை எப்போ காலி பண்றீங்க?' என்று ஒருவரிடம் கேட்டேன். 'கால்' என்றார். போன் 'நேற்று' என்றது. நேற்றே காலி செய்துவிட்டு இன்னும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று பார்த்தேன். வங்காளத்தில் நேற்றைக்கும் நாளைக்கும் 'கால்' என்ற ஒரே சொல்லாம். அன்றிலிருந்து, வருபவர்களிடம் முழு வாக்கியமாகப் பேசச் சொல்கிறேன், நானும் அப்படியே. மருந்து வேளை, ஊசி, அளவு இதையெல்லாம் மட்டும் போனை நம்பிச் சொல்ல மாட்டேன். அதற்கு ஆஸ்பத்திரியிலேயே வங்காளம் தெரிந்தவர்களைக் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

---

அணைக்கட்டு கத்திரித் தோட்டம்:

நம்ம பக்கம் இரண்டு ஆப். உழவன் ஆப் 2018இல் வேளாண்மைத் துறை கொடுத்தது. மானியத்துக்குப் பதிவு, விதை இருப்பு, சந்தை விலை எல்லாம் இருக்கு. எங்க இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்ச பெருமை தனி, மார்க்கெட்டில் பேரம் பேசுகிற வேலை தனி. விலையை ஆப்பில் பார்த்துவிட்டுப் போனால் தரகரிடம் வாய் திறக்கவாவது ஆகிறது.

இன்னொன்று தாமினி. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்தது. சுற்று வட்டாரத்தில் மின்னல் அடிக்குதா என்று வட்டம் போட்டுக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் என் தம்பிக்கு இதை நான்தான் போட்டுக் கொடுத்தேன். லொகேஷன் ஆனில் இருக்கணும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

---

விருதம்பட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று காலை மொட்டை மாடியில் உட்கார்ந்து ஜெராக்ஸ் கடைத் தம்பி சொன்ன மாதிரியே வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைக் காட்டினேன். முதல் இரண்டு தடவை ஆகவில்லை. பேரன் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'தாத்தா, கேமரா மேல எண்ணெய்' என்றான். வேட்டி முனையால் துடைத்ததும் மூன்றாவதில் பச்சை வட்டம் வந்துவிட்டது. 31 வருடம் வேலை செய்த கை தோற்ற இடத்தில் இந்த வழுக்கைத் தலை ஜெயித்துவிட்டது.

மறுமணக் கேள்வி வந்தபோது வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி இல்லாமல் இருந்ததால், எது 'ஆம்', எது 'இல்லை' என்று அவளிடமே கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுத்தான் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

43இல் 29 போய்விட்டது. பேரனுடைய பலூன் உடைக்கும் விளையாட்டை அழித்ததில் வீட்டில் ஒரு மணி நேரம் ரகளை, அதைத் திரும்ப ஏற்றியாயிற்று. சிம் பழைய எண்தான், டிஜிலாக்கரும் திறந்துவிட்டது. ஆனால் உரிமம் வந்துவிட்டது, ஆர்சி வரவில்லை. பெயர் பொருந்தவில்லை என்கிறது. என்ன செய்வது தம்பி?

---

காட்பாடி ஜெராக்ஸ்:

சந்தோஷம் ஐயா. ஆதாரில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது, ஆர்சியில் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் இருக்கும். அல்லது ஒன்றில் அப்பா பெயரே முழுசாக இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு வருகிற வழக்கமான சிக்கல் இது. அந்தப் பெயரைச் சரிசெய்யாமல் ஆப் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஆதாரும் ஆர்சியும் வேண்டும், இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள், பார்த்துவிடலாம். நைந்த ஆர்சியை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டு வாருங்கள். அதை ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துவிடுவோம், இரண்டு ரூபாய்.